விரிசலின் மேல் ஒட்டிய கண்ணாடி

1

இந்தக் கதை சாப்பாட்டு மேசையில் பிறந்தது. அக்காவின் கணவர், அதாவது மாமா, என்னிடம் ஒரு ரகசியம் சொன்னார். என் வாய் ஓட்டை வாய் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் சொன்னார். அது என்னவென்று இப்போதே போட்டு உடைத்துவிட்டால் நீங்கள் கட்டடத்தைப் பார்க்காமலே எழுந்து போய்விடுவீர்கள். முதலில் கட்டடத்தைப் பாருங்கள்.

"காலத்தின் மௌன சாட்சியாக நின்றது அந்தப் பழைய தந்தி அலுவலகம்." (வேண்டாம். பாழடைந்த கட்டடம் என்றாலே யாராவது ஒருவர் அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார்.)

"கதவைத் திறந்ததும் புறாக்கள் படபடவென்று" (இதையும் நிறுத்திவிட்டேன். நானும் அக்காவும் போன அன்று புறாவே இல்லை.)

"கூரையின் உட்புறத்தில் சுண்ணாம்புச் சாந்தால் செய்த இலைகள் வட்டமாக ஓடுகின்றன. அவற்றில் ஒன்று மட்டும் தலைகீழாக இருக்கிறது."

இது இருக்கட்டும். இது என் கண்ணால் பார்த்தது. அன்றிலிருந்து அந்த இலை என்னை விடவில்லை. செய்தவனுக்குத் தூக்கக் கலக்கமா, மேஸ்திரியோடு சண்டையா, இல்லை யாராவது ஒருநாள் அண்ணாந்து பார்த்துக் கண்டுபிடிக்கட்டும் என்ற குறும்பா? அக்காவிடம் கேட்டேன்.

"தெரியாதுடா. ஆனா புதுப்பிக்கும்போது அத நேராக்கக் கூடாது. தப்பும் கட்டடத்தோடதுதான். மறைச்சா அது பொய்."

அதனால்தான் கைவிட்ட வரிகளை இங்கே அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

2

அக்கா கட்டடப் பொறியாளர். பழைய கட்டடங்களுக்கு வைத்தியம் பார்ப்பவள். தந்தி அலுவலகத்தை இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் கட்ட நகர மன்றத்துக்கு ஆசை. அதன் வட்டக் கூடத்தைப் பொது நூலகமாக்க அக்காவுக்கு ஆசை. வண்ணக் கண்ணாடி ஜன்னல்களின் கீழே எந்த நாற்காலி எங்கே என்பதுவரை வரைந்து வைத்திருக்கிறாள்.

முதல் வரைவில் அக்கா சுவரைத் தடவிக் கண்கலங்கினாள். எனக்கே நம்பிக்கை வரவில்லை. நடந்தது இதுதான். ஜன்னல் வளைவை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இத கட்டினவன் கைய ஒரு தடவ பாக்கணும்டா" என்றாள். அடுத்த நொடியே, "ஏணிய ஒழுங்கா புடிடா!" என்று கத்தினாள்.*

(* என் கதைகளை எல்லோருக்கும் முன்னால் படிப்பவளும் அக்காதான். சிவப்புப் பேனாவோடு உட்காருவாள். என் கண்கலங்கல்கள் பலவும் அந்தப் பேனாவுக்கு இரையானவை.)

3

கிழக்குச் சுவரில், ஜன்னல் வளைவின் உச்சியிலிருந்து கூரை வரை ஒரு விரிசல் ஓடுகிறது. விரிசல் இருப்பது பெரிய விஷயமில்லையாம். அது என்றோ விட்டு ஓய்ந்ததா, இன்னும் வளர்கிறதா என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனைகளையும் சாந்தால் ஒட்டிவிடுவார்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அசையாவிட்டால் முழுசாக இருக்கும்.

மழைக்காலத்துக்கு முன் அக்கா ஒட்டினாள். மழை ஓய்ந்ததும் ஏறிப் பார்த்தாள். கண்ணாடி முழுசாக இருந்தது. ஏணி உச்சியில் நின்றபடியே விசிலடித்தாள். அக்காவுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

வரும் திங்கட்கிழமை நகர மன்றத்தில் அறிக்கை வைக்கப்போகிறாள். சுவர் அசையவில்லை, இடிக்க வேண்டாம், புதுப்பிக்கலாம் என்று.

4

மாமா மருந்துக்கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் புகைப்படக்காரர். இடிந்த படிக்கட்டு, துருப்பிடித்த கதவு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவருக்கு. சாப்பாட்டின் நடுவே அக்கா போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போன நேரம் பார்த்து என் பக்கம் குனிந்தார்.

"மாப்ள, அந்தக் கண்ணாடி... மழை நடுவுல ஒரு நாள் நல்லா வெயிலடிச்சுதுல்ல? ஜன்னல் கலரெல்லாம் அப்படியே சுவத்துல விழுந்துச்சு. படம் எடுக்கலாம்னு பாத்தா, கண்ணாடி நடுவுல மின்னிக் காரியத்தையே கெடுத்துச்சு. ஏணி அங்கேயே இருந்துச்சா, கழட்டிட்டேன்."

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன்.

"கழட்டிட்டு?"

"படம் எடுத்துட்டு, உங்க அக்கா வெச்சிருந்த பெட்டியில இருந்து வேற துண்டு எடுத்து அதே மாதிரி ஒட்டிட்டேன். ஏதோ அளவுக்குக் குறி வெச்சிருக்கான்னு நெனச்சேன். நேத்து அவ விசிலடிச்ச கதைய நீ சொன்னப்பதான் அது எதுக்குன்னே புரிஞ்சுது."

"பழைய துண்டு முழுசா வந்துச்சா?"

"ரெண்டா வந்துச்சு."

"நீங்க கழட்டினதுல உடைஞ்சுதா, இல்ல முன்னாடியே உடைஞ்சிருந்துச்சா?"

"அதான் தெரியல மாப்ள. ஒரே தூசி. நான் வெளிச்சத்தையே பாத்துட்டிருந்தேன்."

"கழட்டறதுக்கு முன்னாடி ஒரு படமாவது எடுத்தீங்களா?"

"கண்ணாடியோட எடுத்தா நல்லாவா இருக்கும்?"

பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார். "அவகிட்ட சொல்லிடாத. கட்டடம் பொழைச்சுப் போகட்டும். அது நல்லாத்தான் இருக்கு. பாத்தாலே தெரியலயா?"

படத்தைக் காட்டினார். சிவப்பும் நீலமும் சுவரில் வழிந்து, விரிசலின் விளிம்புகூடப் பொன்னாகத் தெரிந்தது. அழகுதான். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, படத்தின்மேல் ஆசையும் வந்தது.

5

முடிவுகள்.

(அ) நான் வாயைத் திறக்கவில்லை. நூலகம் திறக்கிறது. அந்த ஜன்னலுக்குக் கீழே பிள்ளைகள் படிக்கிறார்கள். வெளியே மழை பிடித்துக்கொள்கிறது. நான் கூரையை அண்ணாந்து பார்த்து

(வரியை முடிக்க முடியவில்லை. அந்தச் சுவர் ஓய்ந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது.)

(ஆ) அக்காவுக்குத் தெரிந்துவிடுகிறது. அறிக்கையைத் திரும்பப் பெறுகிறாள். அடுத்த மழைக்காலம் வரை காத்திருக்க மன்றத்துக்குப் பொறுமை இல்லை. இடிக்கும் இயந்திரம் வந்து நிற்கிறது. அந்தத் தலைகீழ் இலை

(இதுவும் முடியவில்லை.)

(இ) அக்கா எழுந்து நின்று, "எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்க இன்னொரு மழைக்காலம் வேணும்" என்கிறாள். மன்றம் தருகிறது. என் ஆசை இதுதான். ஆனால் மன்றத்தின் பதிலை நான் எழுதிக் கொடுக்க முடியாது.

6

இவ்வளவு நேரம் உங்களோடு பேசுவதுபோல் பாவனை செய்தேன், வாசகரே. மன்னிக்கவும். இந்த வரைவு அச்சுக்குப் போகவில்லை. ஒரே ஒருத்தியின் மேசைக்குத்தான் போகிறது.

அக்கா, இந்நேரம் சிவப்புப் பேனாவை எப்போது கீழே வைத்தாய் என்று உனக்கே தெரிந்திருக்காது. நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மாமா சொன்னதை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவர் கடையில் இருக்கிறார். திட்டுவதை இரவு வைத்துக்கொள்.

இன்று சனிக்கிழமை. முடிவுக்கு இந்தப் பக்கத்தின் அடியில் இடம் விட்டிருக்கிறேன். எழுதுவதற்கு முன் இன்னொரு தடவை ஏறிப் பார்ப்பதாக இருந்தால் கூப்பிடு. இந்தத் தடவை ஏணியை ஒழுங்காகப் பிடிக்கிறேன்.