கேட்காமல் வாங்கிய கார்

சுலோசன முதலியார் பாலத்தின் நட்டநடுவில் கார் நின்றுவிட்டது. இருமல் இல்லை, உறுமல் இல்லை, ஓடிக்கொண்டிருந்தது, நின்றது. பின்னால் வந்த டவுன் பஸ் போட்ட பிரேக்கில் பஸ்ஸுக்குள் நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். காரின் முதுகுக்கும் பஸ்ஸின் மூக்குக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம். காருக்குள் இருந்த சித்ரலேகா கண்ணை இறுக மூடிக்கொண்டு "நெல்லையப்பா" என்றாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் கணவர் சங்கரசுப்பிரமணியன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அது பெட்ரோல் கார் அல்ல, பேட்டரி கார். 1996-ல் திருநெல்வேலிச் சீமையில் அப்படியொரு வண்டியைப் பார்ப்பதே அதிசயம். சோப்பு டப்பா மாதிரி சின்ன உருவம். இரண்டு பேர் உட்காரலாம். இரவு வீட்டுப் பிளக்கில் செருகி வைத்தால் மறுநாள் டவுனுக்கும் பாளையங்கோட்டைக்கும் போய்த் திரும்பலாம். புகை இல்லை, சத்தம் இல்லை, கிளட்ச் இல்லை. இப்போது ஓட்டமும் இல்லை.

பஸ் கண்டக்டர் படியில் தொங்கியபடி தலையை நீட்டினார். "என்ன அண்ணாச்சி, செல்லு தீந்து போச்சோ? ரெண்டு டார்ச் லைட் செல்லு வாங்கிப் போடுங்க, ஓடிரும்."

பஸ் முழுக்கச் சிரித்தது. நல்லவேளையாக இரண்டு பேர் இறங்கிவந்து கை கொடுத்தார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு கொக்கிரகுளம் பக்கம் வந்து ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். சங்கரசுப்பிரமணியன் சட்டையெல்லாம் நனைந்து நின்றார். இப்படி நிற்பது முதல் தடவை அல்ல. ஆனால் இதற்கு முன்னால் நின்றது சந்துக்குள், சாயங்கால நேரத்தில். சார்ஜ் சரியாக ஏறவில்லை போலிருக்கிறது என்று தன்னைத்தானே கோபித்துக்கொண்டு விட்டுவிட்டார். ஆனால் நேற்று இரவு முழுக்கச் சார்ஜ் ஏறியிருந்தது.

மரத்தடியில் பஸ்ஸுக்காகக் குடையோடு நின்ற ஒரு பெண் காரையே உற்றுப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, திறந்திருந்த கதவின் உள்பக்கத்தைக் குனிந்து பார்த்தாள். யாரோ சின்னப் பிள்ளை ஊக்கால் கீறிய ஒரு பூ அங்கே இருந்தது.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. இது எங்க காருல்லா?" என்றாள். "நான் எப்சி. இங்கன பாளையங்கோட்டை ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன். இந்தப் பூ எங்க சின்னவ வரைஞ்சது. அதுக்கு அவ அப்பாட்ட அடி கூட வாங்கினா."

"உங்க காரா? இத நான் எங்க சம்பந்திட்ட வாங்கினேன் டீச்சர்."

எப்சியின் முகம் மாறியது. "உங்க கிட்ட யாரும் சொல்லலையா? இது நெனச்ச இடத்துல நிக்கும் அண்ணாச்சி. மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடுத பெட்டியிலயே ஏதோ கோளாறு. கம்பெனிக்காரங்க மூணு தடவ பெட்டிய மாத்திப் பாத்தாங்க. சரியாகல. கடைசியில எங்க வீட்டுக்காரர் சண்டை போட்டு, காரை அவங்க கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டோம். பணத்தைத் தந்துட்டாங்க. இத இனிமே ரோட்டுக்கே விடமாட்டோம், உடைச்சுருவோம்னு சொன்னாங்களே."

பஸ் வந்தது. எப்சி ஏறிப் போனாள். கொஞ்ச நேரத்தில் கார் தானாகவே ஓடத் தயாரானது, ஒன்றுமே நடக்காத மாதிரி. சித்ரலேகா மட்டும் அதில் ஏறவில்லை. அவள் ஆட்டோவில் வீடு போனாள்.

சங்கரசுப்பிரமணியன் யார் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். டவுன் வாகையடி முக்கில் பாத்திரக் கடை. பித்தளைக் குடத்தை விரலில் தொங்கவிட்டுத் தட்டினால் போதும், எங்கே மயிரிழை விரிசல் என்று சொல்லிவிடுவார். வாங்க வருகிறவர்களிடமும், "நீங்களும் தட்டிப் பாத்து வாங்குங்க, நாளைக்கு வந்து என்னைத் தட்டாதீங்க" என்று சொல்லிச் சிரிப்பார். ஒரு சின்னச் செம்புக்கே அத்தனை தட்டு தட்டுகிற மனிதர், இந்தக் காரை ஒரு தட்டுக்கூடத் தட்டாமல் வாங்கினார்.

காரணம், விற்றவர் சம்பந்தி. பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் பிரம்மநாயகம். சங்கரசுப்பிரமணியனின் ஒரே மகள் விஜயஸ்ரீ அந்த வீட்டு மருமகள். கார் வாங்கப் போன அன்று அண்ணன் மகன் கணேஷ்ராம், "சித்தப்பா, தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போவோம்" என்று சொன்னான். சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சம்பந்தி வீட்டுக்கு மெக்கானிக்கோட போனா அவுக என்னலே நெனைப்பாக? நம்ம மேல நம்பிக்கை இல்லன்னு ஆகிராதா? நம்ம புள்ள அங்கன வாழுதா லே."

ஆக, பெண்ணைக் கொடுத்த இடத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்பதால் காரைப் பற்றியும் கேட்கவில்லை. நம்பரைக் கூட்டிப் பார்த்தார்; ராசியான எண். நல்ல நேரம் பார்த்தார். கோயில் வாசலில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தார், காரைத் தவிர. பிரம்மநாயகமும் அன்று ஒரு பொய்யும் சொல்லவில்லை. "அதிகம் ஓடாத வண்டி சம்பந்தி" என்றார். அது சத்தியமான உண்மைதான்.

பாலத்தில் கார் நின்ற அன்று மாலையே சங்கரசுப்பிரமணியன் அதே காரில் பேட்டைக்குப் போனார். வழி முழுக்க வாய்க்குள் சண்டை போட்டுக்கொண்டு போனவர், மகள் காபி கொண்டு வந்து வைத்ததும் பாதிக் கோபத்தை விழுங்கிவிட்டார். அவள் உள்ளே போனபின்தான் கேட்டார்.

"இந்தக் கார கம்பெனிக்காரன் கோளாறுன்னு திருப்பி எடுத்ததாமே சம்பந்தி. உங்களுக்குத் தெரியுமா?"

பிரம்மநாயகம் பதறவில்லை. "தெரியும். உடைக்கதுக்கு வச்சிருந்தான். நல்ல வண்டியா தெரிஞ்சுது, சல்லிசா முடிச்சேன். நம்ம பட்டறையில வச்சு வயரெல்லாம் மாத்தினேன். சரியாயிருச்சுன்னுதான் நெனச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீங்க கேக்கலையே சம்பந்தி."

சங்கரசுப்பிரமணியன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். அவர் கேட்கவில்லை என்பது உண்மைதான். அவர் முகம் வாடியதைப் பார்த்து பிரம்மநாயகமே வழி சொன்னார். "விடுங்க. வண்டி இங்கன வாசல் முத்தத்துல நிக்கட்டும். வெளி ஆளு எவனாவது வருவான், தள்ளி விட்ருவோம். உங்க பணம் உங்களுக்கு வந்துரும். வீட்டுல பொம்பளையளுக்குத் தெரிய வேண்டாம்."

தப்பு என்று மனசு சொல்லியது. ஆனால் பணம் கைக்கு வந்துவிடும், மகள் வீட்டில் மனத்தாங்கலும் வராது என்று நினைத்தபோது மனசு பைய வாயை மூடிக்கொண்டது. வருகிறவன் கேட்டால் சொல்லிவிடுவோம், கேட்கவில்லை என்றால் நாம் என்ன செய்ய முடியும் என்று அவரும் அந்த நியாயத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். ஏமாந்தவன் ஏமாற்றுகிறவனாக மாறுவதற்கு அதிக நேரம் பிடிப்பதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்தது. காருக்குரியவர் என்று சங்கரசுப்பிரமணியனையும் பேட்டைக்கு வரச்சொல்லியிருந்தார் பிரம்மநாயகம். மேலப்பாளையத்திலிருந்து ஜமீலா பீவி என்ற இளம்பெண், கூடவே அவள் அண்ணன் நூகு. ஜமீலாவுக்குச் சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப்போயிருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தினமும் அண்ணனின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போய்வருகிறாள். மற்ற கார்களில் இடது காலுக்குக் கிளட்ச் உண்டு. இதில் இல்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்காகவே தேடி வந்திருந்தாள்.

பிரம்மநாயகம் சாவியைக் கொடுத்தார். ஜமீலா கைத்தடியைப் பின்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். வலது காலால் பைய மிதித்தாள். கார் சத்தமில்லாமல் முற்றத்தைச் சுற்றி வந்தது. இன்னொரு சுற்றும் வந்தது. அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து வாசல்படியில் நின்ற விஜயஸ்ரீயும் அவள் மாமியார் சொர்ணாம்பாளும் சேர்ந்து சிரித்தார்கள். அவர்களுக்குக் காரின் கதை தெரியாது.

"காக்கா, நாளையிலிருந்து நான் தனியாவே போயிருவேன்" என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னாள் ஜமீலா. "ரயில்வே கேட்டுல நிக்கும்போது நீ வேர்த்து விறுவிறுத்து நிக்கியே, இனி அது வேண்டாம்."

சங்கரசுப்பிரமணியன் காரின் பக்கம் நெருங்கி வந்தார். அப்படியானால் பள்ளிக்கூடம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். பாலத்தில் நின்ற கார் தண்டவாளத்திலும் நிற்கும். இறங்கி ஓடிவிடலாம் என்று மற்றவர்களுக்குச் சொல்லலாம். இவளுக்கு எப்படிச் சொல்வது?

நூகு காரைச் சுற்றி வந்தான். "எதுக்கும் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து பாத்துருவோமா?" என்று தங்கையிடம் மெதுவாகக் கேட்டான்.

"சும்மா இரி காக்கா. வாகையடி முக்கு அண்ணாச்சி கடையிலதான் நம்ம உம்மா அவ கல்யாணத்துக்கே பாத்திரம் எடுத்தா. அவுக காரைப் போயி ஆளு வச்சுப் பாத்தா என்ன நெனைப்பாக? அண்ணாச்சி விக்காகன்னா அது போதும்."

கணேஷ்ராமிடம் தாம் சொன்ன அதே பேச்சு, இப்போது இந்தப் பெண்ணின் வாயிலிருந்து வந்தது. பிரம்மநாயகம் மீசைக்குள் சிரித்தபடி, எல்லாம் முடிந்தது என்பதுபோல் சம்பந்தியைப் பார்த்தார். இவரோ காரின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கேளு தாயி" என்றார்.

"என்ன அண்ணாச்சி?"

"இந்தக் காருல என்ன குறைன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேளு."

ஜமீலா வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "என்ன குறை அண்ணாச்சி?"

எல்லாவற்றையும் சொன்னார். பாலத்தில் நின்றதை, எப்சி டீச்சர் சொன்னதை, கம்பெனி திருப்பி வாங்கியதை. ஜமீலா கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கின் மேலேயே கையை வைத்திருந்தாள். எடுக்க மனசு வரவில்லை. பிறகு நூகு தடியை நீட்ட, பைய இறங்கினாள்.

"ஆசையாத்தான் இருந்துச்சு" என்றாள். கண் கலங்கியிருந்தது. "நல்லா இருப்பீய அண்ணாச்சி." அண்ணன் சைக்கிளைத் திருப்பினான், அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

அவர்கள் தெருமுனை திரும்புகிறவரை பொறுத்திருந்த பிரம்மநாயகம் வெடித்தார். "என் வீட்டு முத்தத்துல வச்சு என் மானத்தை வாங்கிட்டீயளே. அந்தப் புள்ள கேக்கவா செஞ்சா? நீங்களா கூப்பிட்டு வச்சுச் சொல்லுதீய. நாலு பேரு என்னைப் பத்தி என்ன பேசுவான்?"

சங்கரசுப்பிரமணியன் வாசல்படியைப் பார்த்தார். மகள் வெளுத்த முகத்தோடு நின்றாள். அவள் வாழ்க்கையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டோமோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவருக்கு மனம் இல்லை.

"அந்தப் புள்ள தண்டவாளத்துல நின்னுட்டா, நீங்க கேக்கலையேன்னு அவ உம்மாட்ட போயி என்னால சொல்ல முடியாது சம்பந்தி."

சொர்ணாம்பாள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். கணவரைப் பார்த்து அவள் எதிர்த்துப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"இது கெட்ட வண்டின்னு உங்களுக்கு மொதல்லயே தெரியுமா?"

பிரம்மநாயகம் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"தெரிஞ்சுதான் நம்ம மருமவளோட அம்மாவும் அப்பாவும் ஏறிப் போக விட்டீயளா? பாலத்துல அந்த பஸ்சு இடிச்சிருந்தா இந்தப் புள்ளைக்கு நீங்க என்ன பதில் சொல்லியிருப்பீய?"

பிரம்மநாயகம் முற்றத்துத் தொட்டிச் சுவரில் உட்கார்ந்தார். மருமகளின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. அவரும் கெட்ட மனிதர் அல்ல. ஊரெல்லாம் செய்கிற வியாபாரத்தைச் செய்தவர். "நாளைக்கே பட்டறையில வச்சு இத உடைச்சிருதேன்" என்றார். "உங்க பணத்துக்கு நான் பொறுப்பு சம்பந்தி."

"பணம் பைய வரட்டும்" என்றார் சங்கரசுப்பிரமணியன். "என் மேலயும் தப்பு இருக்கு. சொந்தம்னு நெனச்சு வாயைத் தொறக்காம வாங்கிட்டேன். கேக்கது அவமரியாதை இல்லன்னு இப்பத்தான் தெரியுது. இனிமே யாருன்னாலும் கேப்பேன்."

"அதத்தான் நானும் சொல்லுதேன்" என்று மனைவியைப் பார்த்துப் பிரம்மநாயகம் கடைசியாக ஒரு பிடி தேடினார். "அன்னைக்கே அவுக ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் மறைச்சிருக்கவா போறேன்?"

சொர்ணாம்பாள் குரலை உயர்த்தவில்லை.

"கேட்டுத் துருவுதவன் எப்படியும் தெரிஞ்சுக்கிடுவான். அவனுக்கு நீங்க சொல்லாட்டாலும் ஒண்ணுமில்ல. அவுக உங்களை நம்பிக் கேக்காம இருந்தாக. அந்தப் புள்ள அவுகளை நம்பிக் கேக்காம இருந்தா. நம்பிக் கேக்காம இருக்காங்க பாருங்க, அவங்ககிட்டத்தான் மொதல்ல சொல்லணும்."