பாதியில் நின்ற கூரை

இங்கிலாந்தின் மோர்கம் கடற்கரையில் இருந்த அந்தச் சக்கரச் சறுக்குக் கூடத்துக்குள் காலை வைத்ததுமே ஜேனிஸுக்கு வந்த வேலை மறந்துபோனது. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கையில் அளவெடுக்கும் கருவி, தலையில் மஞ்சள் தொப்பி. மனசு மட்டும் ஏதோ ஒரு பழைய சனிக்கிழமை சாயங்காலத்துக்கு ஓடிப்போய், காலில் சக்கரம் கட்டிக்கொண்டு நின்றது. மரத்தரையின் மெழுகு வாசனைகூட அப்படியே இருந்தது. கணவன் டெரிக்கை அவள் முதன்முதலில் பார்த்தது இங்கேதான். அவன் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது.

"என்னம்மா, அளக்க வந்தியா, அழ வந்தியா?" என்றார் வில்ஃப். கூடத்தின் சொந்தக்காரர். எண்பதைக் கடந்தும் வாய்க்கு மட்டும் ஓய்வு கொடுக்காத மனுஷன்.

"ரெண்டுக்கும்தான். முதல்ல டீய போடுங்க."

கடை, கூடம், அலுவலகம் எதுவானாலும் அதில் எவ்வளவு சூடு வீணாகிறது என்று பார்த்து ஆற்றல் சான்றிதழ் தருவது அவள் பிழைப்பு. ஏ முதல் ஜி வரை தரம் உண்டு. ஈ-க்குக் கீழே இறங்கினால் வாடகைக்கு விட முடியாது. பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் சொல்லித்தரும் ஒரு குழு இந்தக் கூடத்துக்காகக் காத்திருந்தது. ஈ கிடைக்காவிட்டால் வில்ஃப் விற்றுவிடுவார். வாங்குகிறவன் இடித்துத் தள்ளிவிட்டுக் கார் நிறுத்துமிடம் ஆக்குவான். டெரிக்கைப் பார்த்த இடத்தில் எவனோ காரைக் கொண்டுவந்து நிறுத்துவதை நினைத்தாலே ஜேனிஸுக்கு வயிறு எரிந்தது.

விளக்குகள் புதிது, கொதிகலனும் புதிது. மிச்சம் கூரைதான்.

"சூடு வெளிய போகாம கூரை பூரா கண்ணாடிப் பஞ்சு போட்டிருக்கு. போட்டது உன் புருஷன். எழுதிக்கோ."

"நீங்க சொல்றத எழுத முடியாது வில்ஃப். கண்ணால பாத்தாதான் கணக்கு. பாக்கலன்னா ஒண்ணுமே இல்லன்னுதான் போடணும்."

"அப்போ உங்க சட்டத்துக்கு நான் பொய்யன்?"

"எல்லாருமே பொய்யங்கதான். அதுக்குத்தான் ஏணி."

உட்கூரையின் ஒரு பலகையைக் கழற்றித் தலையை நுழைத்து, டார்ச்சை அடித்தாள். பஞ்சு கனமாக, ஒழுங்காகப் படுத்திருந்தது. டெரிக்கின் கை வேலை. ஆசையாகத் தொட்டுப் பார்த்தாள். வெளிச்சத்தை நகர்த்தினாள். நடுக்கூரையோடு பஞ்சு நின்றுவிட்டது. அதற்கப்பால் வெறும் பலகை. பிரிக்காத பஞ்சுச் சுருள்கள் ஓரமாக அடுக்கியபடியே கிடந்தன.

கீழே இறங்கி வந்தாள். "பாதிதான் இருக்கு."

வில்ஃப் பொத்தென்று உட்கார்ந்தார். "அடப்பாவி! அன்னிக்கு ஒரு பொண்ணு தடுப்புல மோதி தாடைய கிழிச்சுக்கிட்டா. கட்டு போடத் தெரிஞ்சவன் யாராவது இருக்கீங்களான்னு கத்தினேன். பஞ்சு போட்டுக்கிட்டிருந்த உன் புருஷன் மேலேருந்து குதிச்சு வந்தான். அதுக்கப்புறம் ஏறினத நான் பாக்கல. முடிச்சிட்டியாடான்னு கேட்டா, முடிச்சிட்டேன்னு பல்ல காட்டினான். நானும் நம்பிட்டேன்."

ஜேனிஸின் கை தாடைத் தழும்புக்குப் போனது. "அந்தப் பொண்ணு நான்தான்."

"தெரியாமலா சொல்றேன்?"

அடிபட்டதற்கு மறுநாள் இருவரும் கடலோரம் நடந்தபோது டெரிக் வழிநெடுகச் சொறிந்துகொண்டே வந்தான். பஞ்சு அரிப்பு என்று இவளுக்கு எங்கே தெரியும்? "பாக்க நல்லாத்தான் இருக்கான், ஆனா தெள்ளுப்பூச்சி இருக்கும்போல" என்று அம்மாவிடம் சொன்னாள். அதை நினைத்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்து வழிந்தது. அவன் இல்லாத வீட்டுக்குப் போய் இதை யாரிடம் சொல்வது?

முழுக்கூரை என்றே போட்டுவிடலாமா என்று ஒரு சபலம். யார் ஏறிப் பார்க்கப்போகிறார்கள்? ஆனாலும் பாதியைப் பாதி என்றே போட்டாள். எஃப் வந்தது.

"இடிச்சிடுவாங்கல்ல?" என்றார் வில்ஃப். குரலில் குறும்பு போயிருந்தது.

ஜேனிஸ் லங்காஸ்டரில் இதே தொழில் செய்யும் பாரிக்குப் போன் போட்டாள். "பாரி, மோர்கம் சறுக்குக் கூடத்துக்கு அடுத்த மாசம் நீ வந்து தரம் பாத்துக் குடு."

"நீயேதான் அங்க இருக்கியே, அப்புறம் நான் எதுக்கு?"

"வேலை செஞ்ச ஆளே சான்றிதழ் குடுக்கக் கூடாதுல்ல? மேல பாதி வேலை பாக்கி இருக்கு. ரெண்டு ஆள வெச்சுக்கிட்டு நானே ஏறப்போறேன். டெரிக்க கீழ இறக்கினது நான்தானே."