ஞானஸ்நான விருந்தில் விசாரணை

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு பதினெட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. குறை இதுதான்: பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு குழந்தையின் ஞானஸ்நான விருந்துக்குச் சென்ற பெண்ணை, அவள் சோற்றில் கைவைக்குமுன்பே, "எங்கே வேலை?" என்று மேசையே சூழ்ந்துகொண்டு விசாரித்தது. காவல் நிலையத்தில்கூட முதலில் உட்காரச் சொல்வார்கள்.

அந்தப் பெண் ஷார்லின். கணவன்மாரின் அடிக்குத் தப்பி வந்த பெண்களும் அவர்களுடைய பிள்ளைகளும் தங்கும் இல்லம் ஒன்றின் பொறுப்பாளர். அவ்வில்லத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. முகவரி வெளியே தெரியாதிருப்பதே அதற்குக் கதவும் பூட்டும். ஆகவே, கேட்பவர்களிடமெல்லாம் "செபராங் ஜெயாவில் ஓர் அலுவலகம்" என்று சொல்லித் தப்பிப்பது அவள் வழக்கம். கடல்பாலத்தைக் கடந்து அக்கரைக்கு யார் தேடி வரப்போகிறார்கள் என்பது அவள் எண்ணம்.

ஆனால், பினாங்குத் தமிழர்களிடம் வேலையைச் சொன்னால் பேச்சு முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. எந்தத் தொழிற்சாலை, எந்த ஷிஃப்ட், யாரோடு போகிறாய் என்று கேட்டு முடிப்பதற்குள், ஒருவரை இன்னொருவர் காரில் ஏற்றிவிடுவார்கள். எதிரே அமர்ந்திருந்த தூரத்து உறவினர் மார்த்தா ஆன்ட்டியும் அதைத்தான் செய்தார்.

"செபராங் ஜெயாவா? ஐயோ, நம்ம ஷானும் அங்கதானேம்மா வேலை செய்றான்! எந்த பில்டிங்?"

"சின்ன ஆபிஸ் ஆன்ட்டி. உள்ளுக்குள்ள இருக்கு."

"சின்னதோ பெருசோ, தனியா வண்டி ஓட்டி எதுக்கு அலையுற? நாளையிலருந்து அவன் கெரெத்தாவுல போ லா. டேய் ஷான்! காலையில இவ வீட்டு வாசல்ல ஹாரன் அடி!"

பொய், இத்தனை அன்போடு தன் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும் என்று ஷார்லின் எதிர்பார்க்கவில்லை.

மார்த்தாவின் மகன் ஷான் தட்டோடு வந்தான். "எந்த பில்டிங் அக்கா? எனக்குத் தெரியாத ஆபிஸே அங்க இல்ல லா."

ஷார்லின் சோற்றைப் பிசையத் தொடங்கினாள். மார்த்தா சும்மா இருப்பாரா? "இரு, இரு. பொம்பளைங்களுக்கு உதவி செய்ற வேலைன்னு உங்கம்மா ஒருநாள் சொன்னாங்களே!"

மேசையின் கோடியில் ஒருவன் தலை நிமிர்ந்தான். நிபோங் திபாலிலிருந்து வந்திருந்த பெர்னார்ட். மார்த்தாவின் ஒன்றுவிட்ட தம்பி. அவனை ஷார்லின் அதற்குமுன் நேரில் பார்த்ததில்லை. கைப்பேசிப் படத்தில் பார்த்திருக்கிறாள். அவன் மனைவி செலஸ்டினா சென்ற மாதம் முறிந்த மணிக்கட்டோடும் கைக்குழந்தையோடும் இல்லத்துக்கு வந்தபோது, "இந்த ஆளுதான். உள்ள விட்டுடாதீங்க" என்று காட்டிய படம்.

"சிஸ்டர்," என்றான். குரல் தழுதழுத்தது. "என் வொய்ஃப் பிள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டா. அந்த மாதிரி எடத்துலதான் ஒளிச்சு வச்சிருப்பாங்களாம். எங்க இருக்கு அது?"

"பாவம்மா அவன். சோறே எறங்கல அவனுக்கு. தெரிஞ்சா சொல்லிடு லா," என்றார் மார்த்தா.

இன்னொரு பொய் ஷார்லினின் நாக்கு நுனியில் நின்றது. அதையும் இவர்கள் அடுத்த கேள்வியால் உரித்துவிடுவார்கள் என்பது அவளுக்கு விளங்கியது. அதை விழுங்கினாள்.

"ஆன்ட்டி, செபராங் ஜெயான்னு சொன்னது பொய். என் வேலை என்ன, எங்கன்னு நான் சொல்ல மாட்டேன். உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன், இவர்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"என்னடி இது பெருமை! உரிமையா கேட்டா, பெரிய ரகசியம்! நாங்க என்ன அந்நியமா?"

"இல்ல ஆன்ட்டி. ஆனாலும் சொல்ல மாட்டேன்."

அவள் எழுந்து கைகழுவினாள். கார் நிறுத்துமிடம்வரை பெர்னார்ட் பின்தொடர்ந்தான்; இப்போது அவன் குரலில் தழுதழுப்பு இல்லை. "நீ எங்க போறன்னு பாக்குறேன்," என்றான். ஷார்லின் இல்லத்தின் பக்கமே திரும்பாமல் நேரே தாய்வீட்டுக்கு வண்டியை ஓட்டினாள். அவன் கார் தெருமுனையில் நின்றது. அவள் கதவைத் தாழிட்டுவிட்டு, காவல்துறையில் புகார் சொன்னாள். பிறகு உடன்வேலை செய்யும் ஷஹீதாவை அழைத்து, தான் சில நாள் வரப்போவதில்லை என்றாள்.

உறவினர் நடுவில் அவளுக்குத் 'திமிர் பிடித்தவள்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதை அவள் மறுக்கவில்லை. செலஸ்டினா இருக்கும் இல்லத்தின் கதவை இதுவரை எவனும் வந்து தட்டவில்லை.

நீங்களும் இத்தகைய மேசைகளில் அமர்பவர்தாம். எதிரில் இருப்பவர் தம் வேலையைத் தாமாகச் சொல்லவில்லையெனில், கேட்காதீர்கள். 'உரிமையோடு கேட்டேன்' என்று பிறகு சொல்லாதீர்கள். அவ்வுரிமையை உங்களுக்கு எவரும் தரவில்லை. வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள்.