எதிர்வீட்டில் கொடுத்த சாவி

தெருவில் எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. "ஊர்ல இருக்கிறவங்க எலும்பையெல்லாம் பார்க்கிறேன். என் வீட்டுப் பின்கதவு உளுத்துப்போனது மட்டும் கண்ணுல படல" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டது இரண்டு வருஷத்துக்கு முன்னால். உறவுக்காரர் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பியபோது டிவி இல்லை, மிக்ஸி இல்லை, மகளின் புதுச் சைக்கிளும் இல்லை. வீட்டை வழித்துத் துடைத்துக்கொண்டு போயிருந்தார்கள். அதற்குப் பிறகு குடும்பம் ஒரு ராத்திரிகூட வெளியே தங்கவில்லை.

இந்த லீவுக்கு மகள் ஒரே பிடியாக நின்றாள். "கடலுக்குப் போகணும்மா. திருடனுக்குப் பயந்து நாமதான் ஜெயில்ல இருக்கோம்."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. "சரி, போறோம். ஆனா வீட்டை நான் சொல்றபடிதான் பூட்டணும். யாரும் குறுக்கே பேசக்கூடாது" என்றாள்.

தச்சரை வரவழைத்துப் பின்கதவை மாற்றினாள். உள்பக்கம் குறுக்கே இரும்புப் பட்டை போட்டு, அதற்கும் ஒரு பூட்டு. வாசலில் கம்பிக் கதவு. சிலிண்டரை மூடினாள், ஃபிரிட்ஜைக் காலி செய்தாள், தண்ணீர்க் குழாயின் வால்வைத் திருகினாள். ஸ்கூல் வேன் ஓட்டும் அவள் கணவர் பின்னாலேயே வந்து, "என்னையும் ஒரு பூட்டுப் போட்டுப் பூட்டிடு, அப்பத்தான் உனக்கு நிம்மதி" என்றார்.

எல்லாம் முடிந்து வாசலில் நின்றபோதுதான் மூலை வீடு கண்ணில் பட்டது. அவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். கேட்டில் விளம்பர நோட்டீசுகள் பிதுங்கிக்கொண்டிருந்தன. 'இங்கே ஆளில்லை' என்று தண்டோரா போட்டதுபோல் இருந்தது. எத்தனை பூட்டுப் போட்டால் என்ன? பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டாமா?

ஆள் இருந்தார். எதிர்வீட்டு அம்மா. நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதால் தெருவே அவருக்கு சிசிடிவி என்று பெயர் வைத்திருந்தது. ஆனால் வேனைத் தன் கேட்டை மறித்து நிறுத்துகிறார்கள் என்று அவர் போட்ட சண்டையில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று மூன்று வருஷமாகிவிட்டது.

"அந்தம்மாகிட்டயா சாவி குடுக்கப் போற? அதுக்குக் கதவைத் திறந்தே போட்டுட்டுப் போகலாம்" என்று கணவர் குதித்தார்.

"குறுக்கே பேசக்கூடாதுன்னு சொன்னேன்ல?"

எதிர்வீட்டுப் படியேறும்போது அவளுக்குக் கால் கூசியது. கதவைத் திறந்த அம்மாவின் முகம் கடுகாய்ப் பொரிந்தது.

"என்ன, வழி தவறி வந்துட்டியா?"

"இல்லக்கா. நாங்க ஊருக்குப் போறோம். வீட்டை நீங்கதான் பார்த்துக்கணும்." சாவியை நீட்டினாள். "வேன் விஷயத்துல தப்பு எங்க மேலதான்."

அந்த அம்மா சாவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சட்டென்று கண் கலங்கிவிட்டது.

"அன்னிக்கு உன் டிவியைத் தூக்கிட்டுப் போனதை நான் பார்த்தேம்மா. நீல வேன், பக்கத்துக் கதவு நசுங்கியிருந்துச்சு. நீங்க வீட்டைக் காலி பண்றீங்கன்னு நினைச்சேன். விட்டது தொல்லைன்னு சந்தோஷம் வேற பட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பேச்சுதான் இல்லையே."

கேட்டிருந்தால் சைக்கிள்கூடப் போயிருக்காது. அவளுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. கடைசியில் சிரிப்புதான் ஜெயித்தது.

கடற்கரையில் மூன்றாம் நாள் காலை, மகள் அலையில் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எதிர்வீட்டு அம்மா. பின்னணியில் கதவு தடதடவென்று அதிர்ந்தது.

"வாஷிங் மெஷினை ரிப்பேருக்கு எடுக்க ஆள் அனுப்பினியா?"

"இல்லையேக்கா!"

"எனக்குத் தெரியும். அதே நீல வேன், அதே நசுங்கல். நீ போன்ல சொன்னதா ரெண்டு பேர் வந்து நின்னானுங்க. 'வாங்க தம்பி, சாவி என்கிட்டதான் இருக்கு'ன்னு நானே திறந்துவிட்டேன்."

"ஐயையோ, உள்ள விட்டுட்டீங்களா?"

"விட்டேன். கம்பிக் கதவை இழுத்துப் பூட்டியும் விட்டேன். பின்னாடி ஓடிப் பார்த்தானுங்க. நீ போட்ட இரும்புப் பட்டை அசையுமா? இப்ப உள்ளயிருந்து 'அம்மா, தாயே'ன்னு கெஞ்சுறானுங்க. போலீசுக்குச் சொல்லியாச்சு. தெருவே திரண்டு நிக்குது."

அவள் போட்ட சத்தத்தில் கரையிலிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கணவர் போனைப் பிடுங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அக்கா... நாங்க உடனே கிளம்பி வர்றோம்."

"எதுக்கு? உங்க வேன் இல்லாம தெரு விசாலமா இருக்கு. இருந்து லீவை முடிச்சுட்டு வாங்க."

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, புடவை நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல் மகளை நோக்கிக் கடலுக்குள் ஓடினாள். வீட்டு நினைப்பு துளியும் இல்லாமல் அவள் குளித்த முதல் குளியல் அது.

ஊர் திரும்பியபோது கேட்டருகே ஒரு சின்னக் கூட்டம். நடுவில் எதிர்வீட்டு அம்மா கையை வீசிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் திருடர்கள் நான்கு பேர் ஆகியிருந்தார்கள், ஒருவன் கையில் கத்திகூட முளைத்திருந்தது.

"ரெண்டு பேர்னுதானே போன்ல சொன்னாங்க?" என்று மகள் காதோடு கேட்டாள்.

"சும்மா இரு. அவங்க பிடிச்சது, அவங்க எத்தனைன்னு சொன்னாலும் சரிதான்" என்று சொல்லிவிட்டு, எக்ஸ்ரே அக்கா பெட்டியை அப்படியே போட்டுவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போய் நின்றாள்.