ஓர வரிசை

நானூற்றுப் பதினேழாம் எண் தோட்டம் திரையில் வந்து நின்றபோது காலை மணி பதினொன்றுகூட ஆகவில்லை. அதற்குள் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. என் வேலை, செயற்கைக்கோள் எடுத்த படங்களில் ஒவ்வொரு தோட்டமாகப் பார்த்து மரம் நிற்கிறதா என்று சொல்வது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் மரம் இருக்கிறது. சிவப்பு என்றால் போய்விட்டது. சாம்பல் என்றால் மேகம் மறைக்கிறது, அடுத்த படம் வரும்வரை நான்கு மாதம் பொறுக்கலாம். ஒரு நாளைக்கு முந்நூறு தோட்டம். எங்கேயோ புகை விடுகிற கம்பெனிகள், அந்தப் புகைக்கு ஈடாக, மரம் நிற்கும்வரை விவசாயிகளுக்குப் பணம் கொடுக்கின்றன. நிற்கிறது என்பதற்கு நான்தான் சாட்சி. ஆபீஸ் வாசல் சுவரில் பசுமைப் பொருளாதாரம் என்று ஆளுயர எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். சேர்ந்த புதிதில் அதைப் பார்த்தால் நெஞ்சு நிமிரும். இப்போது அந்தச் சுவரில்தான் சைக்கிளைச் சாய்த்து வைக்கிறேன்.

நானூற்றுப் பதினேழில் ஓரமெல்லாம் அடர்ந்த பச்சை, நடுவில் மட்டும் வட்டமாக வெறும் மண். இது சிவப்பு. யோசிக்கவே வேண்டாம். விரல் பழக்கத்தில் தானாகவே போனது. அப்போதுதான் மேற்கு எல்லைக்கோட்டில் இருந்த சின்னப் புடைப்பு கண்ணில் பட்டது. மற்ற மூன்று பக்கமும் கோடு நேராகப் போக, மேற்கில் மட்டும் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. மூன்று வருடம் முன்பு அந்தக் கோட்டை வரைந்தவள் நான். போனைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்போரமாக நடந்தால், நடந்த வழியே எல்லையாகப் பதியும். வழியில் ஒரு முள்புதர். நான் ஒதுங்கினேன், கோடும் ஒதுங்கியது. "நீ முள்ளுக்குப் பயந்தா என் நிலம் தொப்பை போடுது பாரு" என்று தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று விட்டேன். என் வேலைகளில் பாதி அப்படி விட்டவைதான்.

சொந்தக்காரர் தோட்டம் வந்தால் மேலதிகாரியிடம் சொல்லி வேறு ஆளுக்கு மாற்றிவிட வேண்டும் என்பது விதி. மேலதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் விழுக்காடு. காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூட "எண்பது விழுக்காடு தேவலை" என்பார். எழுந்து அவரிடம் போயிருக்க வேண்டும். நான் போகாமல் பழைய படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன்.

முதல் படத்தில் கன்றுகள் புள்ளி புள்ளியாக இருந்தன. அடுத்ததில் புள்ளிகள் கூடின, அதற்கடுத்ததில் தோட்டமே பச்சை. ஒரு வருடம் முன்பு எடுத்த படத்தில், கிணற்றை ஒட்டிப் பொட்டளவுக்கு ஓர் இடைவெளி. பிறகு அது பெருத்துக்கொண்டே வந்திருந்தது. அந்தப் படங்களெல்லாம் வேறு ஆட்களிடம் போய்ப் பச்சையாகவோ சாம்பலாகவோ கடந்திருந்தன. நடுவிலிருந்து வெட்டியிருக்கிறான். ஓர வரிசையை மட்டும் தொடவில்லை. சாலையில் போகிறவன் பார்த்தால் தோப்பு தோப்பாகத்தான் தெரியும். மேலே இருந்து பார்க்கிறவள் அக்கா என்பதை எப்படி மறந்தான் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. திருடத் தெரியாதவன் செய்த திருட்டு அது.

அவன் ஒருவனோடு போகிற காரியமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. பத்தொன்பது வீட்டுக்காரர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு தோட்டம் சிவப்பானால் பத்தொன்பதும் திட்டத்திலிருந்து நீங்கிவிடும். வேகமாக வளரும் இந்த மரத்தைத்தான் நட வேண்டும் என்று ஆபீஸ் கொடுத்த பட்டியலை எடுத்துக்கொண்டு போய் அவர்களிடம் பேசியவள் நான். அக்கா சொன்னாள் என்று தம்பி முதலில் கையெழுத்துப் போட்டான். அவன் போட்டான் என்று மற்றவர்கள் போட்டார்கள். சங்கத்தின் பத்தொன்பதில் முதல் எண் அவனுடையதாக இருப்பது அதனால்தான்.

மாடிப்படிக்கு வந்து அவனைப் போனில் அழைத்தேன்.

"என்னக்கா, வேலை நேரத்துல?"

"கிணத்துல தண்ணி எவ்வளவு இருக்கு?"

"யாரு சொன்னா?" என்றான்.

"யாரும் சொல்லல. நானே பாத்தேன்."

"நீ எப்ப வந்தே?"

"வரல. படத்துல பாத்தேன்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. "அந்த மரம் வேரை விட்டு உறிஞ்சிடுதுக்கா. நாங்க வாளியைப் போடுறதுக்குள்ள அது குடிச்சு முடிச்சிடுது. போன வருஷம் மோட்டார் சேத்தைத்தான் இழுத்துச்சு. கிணத்தைச் சுத்தி நாலு வெட்டினேன், ஒரு முழம் தண்ணி ஏறிச்சு. அப்புறம் கை நிக்கல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லி? நட்டுக்கோன்னு சொன்னதே நீதானே. உன்னைக் குத்திக்காட்டுற மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன்." குரலைத் தணித்துக்கொண்டான். "அக்கா, சங்கத் தலைவர் காதுக்கு மட்டும் இது போகக்கூடாது. அடுத்த தோட்டம் அவரோடது. என்னால எல்லாருக்கும் போச்சுன்னா ஊர்ல நான் தலைகாட்ட முடியாது. பிள்ளைங்களை வச்சுக்கிட்டு எங்க போவேன்?"

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன். அதைவிட மோசமான பதில் இந்த உலகத்தில் இல்லை. பட்டியலில் வேறு மரமும் சேர்க்கலாமா என்று நான் கேட்டபோதெல்லாம் விழுக்காடு எனக்குச் சொன்ன பதிலும் அதுதான்.

இருக்கைக்குத் திரும்பினேன். அடுத்த நாற்காலிக்காரருக்கு வீட்டில் கைக்குழந்தை. தூக்கமில்லாமல் கண் சிவந்து உட்கார்ந்திருப்பார். குழப்பமாக எது வந்தாலும் சாம்பலை அழுத்திவிடுவதால் அவருக்கு மேகராசா என்று பெயர். என் திரையை எட்டிப் பார்த்தார்.

"இன்னும் அதே தோட்டமா? பேசாம மேகம்னு போட்டுட்டுப் போங்க மேடம். நாலு மாசம் கழிச்சு வேற யார் தலையிலயாவது விடியும்."

"வெயில் இப்படிக் காயுது. மேகம்னா எவன் நம்புவான்?"

"முந்நூறுல ஒண்ணை எவன் எடுத்துப் பாக்குறான்?"

ஒன்பது வருடத்தில் ஒரு பொய்ச் சாம்பல் நான் அழுத்தியதில்லை. அதை நினைத்துக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கர்வத்தை வைத்துக்கொண்டு தம்பி முகத்தில் எப்படி முழிப்பது என்று யோசித்தேன். நான்கு மாதம் கிடைத்தால் மழை வரலாம். நட்டதைப் பிடுங்கிவிட்டு வேறு மரம் வைக்க அனுமதி கேட்கலாம். விழுக்காடு மனம் மாறலாம். எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. வெறும் அலுப்புதான் இருந்தது. அலுப்போடுதான் சாம்பலை அழுத்தினேன். திரை எதுவும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது.

நானூற்றுப் பதினெட்டு வந்தது. சங்கத் தலைவரின் தோட்டம். கிணற்றைச் சுற்றி வெறும் மண். தம்பி வெட்டியதைவிடப் பெரிய வட்டம்.

நானூற்றுப் பத்தொன்பதைத் திறந்தேன், நானூற்று இருபதைத் திறந்தேன். ஒன்றில் தட்டளவு, ஒன்றில் பொட்டளவு. பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்கப் பொறுமையில்லாமல் படத்தைச் சுருக்கினேன். பத்தொன்பது தோட்டமும் ஒரே திரையில் விரிந்தன. கிணறு இருந்த ஒவ்வொன்றிலும் நடுவில் ஓட்டை. யாரும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். தன்னால் மற்ற பதினெட்டுப் பேருக்கும் போய்விடுமே என்று ஒவ்வொருவரும் பயந்து, உள்ளே நின்று தனியாக வெட்டியிருக்கிறார்கள்.

"என்ன மேடம், பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்டீங்க?" என்றார் மேகராசா. தம்பியின் தோட்டத்துக்கும் தலைவரின் தோட்டத்துக்கும் இடையில் இருந்த வேலியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இந்தப் பக்கம் அவன் விட்டுவைத்த வரிசையும் அந்தப் பக்கம் அவர் விட்டுவைத்த வரிசையும் கிளையோடு கிளை உரசி நின்றன. திரையிலேயே நல்ல பச்சை அங்கேதான் இருந்தது. ஒரு மரம்கூடக் குறையவில்லை.