விதையோடு அறுத்த புல்

ஃபெலிஸ்மினா என் அண்ணன் மனைவி. அண்ணன் டிராக்டர் கவிழ்ந்து இறந்த பிறகும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறேன். குவாடியானா ஆற்றங்கரை மேட்டில் இருக்கும் சோலார் மின்சாரப் பண்ணைக்கு நான் காவலாளி, கேட் சாவி என்னிடம். அங்கே மேய்கிற கறுப்பு மெரினோ ஆடுகள் அவளுடையவை. அதனால் நடந்ததில் பாதியைக் கண்ணால் பார்த்தேன். மீதியை அவளே மறைக்கத் தெரியாமல் காட்டிக்கொடுத்தாள்.

கோதுமை விதைத்து விதைத்துக் களைத்த நிலம் அது. சோலார் பலகைகளை நிறுத்த வந்த லாரிகள் அதை மிதித்துக் கட்டாந்தரையாக்கிவிட்டுப் போயின. மழையில் பலகை விளிம்பிலிருந்து கொட்டிய தண்ணீர் வரிசை வரிசையாக மண்ணை அரித்தது. கோடைப் புழுதி கண்ணாடிமேல் படிந்து மின்சாரம் குறைந்தது. அப்புறம்தான் மண்ணைப் பிடித்து நிறுத்தப் புல் வளர்க்கச் சொல்லி, கம்பெனியில் அதேரிட்டு என்ற இன்ஜினியரை அனுப்பினார்கள். ஐம்பது தாண்டியவர், மனைவியைப் பிரிந்து வெகுகாலம் ஆனவர். சட்டைப் பையைத் தட்டினால் ஏதாவது விதை கொட்டும். எங்கள் மேய்ச்சல் காடுகளிலும் சாலையோரங்களிலும் திரிந்து, பலகையை மறைக்குமளவு உயராத புல், குளோவர் என்கிற மூவிலைத் தீவனச் செடி, காட்டு லாவெண்டர் என்று விதை சேர்த்தார். வெயில் தணிந்து முதல் மழை விழுந்ததும் விதைத்தார்.

முதல் இரண்டு வருஷம், புல் வேர்பிடித்து விதை முற்றி உதிரும்வரை ஆடு உள்ளே வரக்கூடாது. உதிர்ந்ததும், காய்ந்த புல் தீப்பிடிக்கிற கோடைக்கு முன் மேய்ந்து புல்லைக் கட்டையாக்க வேண்டும். அந்த வேலையை அண்ணி ஒப்புக்கொண்டிருந்தாள். அதுவரை ஆடுகளோடு வேலிக்கு வெளியே நிற்பாள்.

"இன்ஜினியர் சார், உங்க புல்லு எப்பதான் வயசுக்கு வரும்? என் ஆடுங்க எல்லாம் கெழவியாயிரும் போலிருக்கே!"

"கொஞ்சம் பொறுங்கம்மா."

"பொறுக்குறேன், பொறுக்குறேன். வெறும் முள்ளால்ல தெரியுது. இதுக்கா இத்தன படிப்பு?"

"முள்ளு தலைய வெட்டிட்டே இருந்தா அடியில நம்மளது எந்திரிச்சிரும். குனிஞ்சு பாருங்க."

அவர் உள்ளே மண்டியிட்டார். அவள் வெளியே மண்டியிட்டாள். கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு தலை, அந்தப் பக்கம் ஒரு தலை. நகத்தளவு குளோவர் இலையைப் பார்க்க அவ்வளவு நேரம் ஆகாது.

கம்பி வலையின் சதுரத்துக்குள் நுழைகிற அளவில் அவள் சீஸை வெட்டிக் கொண்டுபோவதைப் பிறகு கவனித்தேன். கேட் பக்கத்தில்தான் இருந்தது. சாவியும் என்னிடம்தான் இருந்தது. இருவரில் ஒருவரும் கேட்கவில்லை.

மூன்றாம் வசந்தத்தில் பலகைகளின் அடி முழுக்கப் பூத்தது. நிழல் விழுந்த இடத்தில் புல் வெளிர்பச்சையாக, வரிசைகளுக்கு நடுவே குளோவர் சிவப்பாக. வானம்பாடி கூடு கட்டியது. மழையிலும் மண் நகரவில்லை. அதேரிட்டுவின் வேலை முடிந்துவிட்டது. அவரைத் தொலைவில் ஒரீக் என்ற ஊர்ப் பக்கம் புதிய பண்ணைக்கு மாற்றினார்கள்.

"நல்லா வந்திருச்சும்மா. இனி நான் இங்க வேண்டியதில்ல" என்றார்.

"ஆமா, புல்லுக்கு வேண்டியதில்ல" என்றாள் அண்ணி.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆடு ஒன்று கத்தியது. அதைத் திட்டிக்கொண்டே அவள் திரும்பி நடந்தாள்.

அதன் பிறகு ஆடுகள் வேலிக்கு உள்ளே. அவளும் உள்ளே. பலகை நிழலில் உட்கார்ந்து, ஆளில்லாத வெளிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரவுச் சாப்பாட்டின்போது தொலைக்காட்சியில் வானிலை வந்தால் கரண்டி நின்றுவிடும்.

"ஒரீக்ல மழையே காணோமே."

"நமக்கு இங்க பெய்யுதுல்ல அண்ணி."

"நமக்குப் பெய்யுது" என்பாள், அதனால் என்ன பயன் என்கிற குரலில். என் அண்ணனுக்காக எனக்குக் கோபம் வரவேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன். வரவில்லை.

அடுத்த மே மாதம் அதேரிட்டு எனக்குத்தான் போன் செய்தார். அங்கே விதைத்ததை எறும்பும் வறட்சியும் கொண்டுபோய்விட்டன. நம் பண்ணைப் புல்லை விதையோடு பச்சையாக அறுத்து, அது குவியலில் சூடேறிக் கெடுவதற்குள் அன்றைக்கே கொண்டுவந்து பரப்பினால், விதை அங்கேயே உதிர்ந்து மழைக்கு முளைக்குமாம்.

"யாராவது கொண்டு வருவாங்களா?" என்றார்.

அண்ணியிடம் சொன்னேன்.

"யாராவதா? ஏன், எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதா?"

விடியலில் அறுத்து, ஆடு ஏற்றுகிற டிரெய்லரில் நிரப்பி ஒரீக் போய்ச் சேர்ந்தோம். அதேரிட்டு இளைத்திருந்தார். இருவரும் புல்லை உதறி உதறிப் பரப்பினார்கள். அவர் ஒரு வரிசை, அவள் அடுத்த வரிசை. கடைசியில் ஒரே வரிசைக்கு வந்து சேர்ந்தார்கள்.

"இங்க ஆடு வரவே ரெண்டு வருஷம் ஆகும்மா."

"நான் என்ன ஆட்டயா கூட்டிட்டு வந்திருக்கேன்?"

அவர் முகம் சிவந்தது. நான் டிரெய்லரைக் கழுவப் போனேன்.

திரும்பி வந்தபோது அவர் கேட்டுக்கொண்டிருந்தார்: "இருந்துட்டுப் போகலாமே?"

"ஆடுங்களுக்குத் தண்ணி யாரு காட்டுவா? நீங்க வாங்களேன்."

"இத இப்பிடியே விட்டுட்டு எப்பிடி வர்றது?"

"அதான்" என்றாள் அவள். வண்டியில் திரும்பினோம். அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த புல்விதைகளை நான் எடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாள்.

மறுவருஷம் மே மாதமும் போனோம். அதற்கடுத்த வருஷமும். ஒருநாள் வேலை, ஒருநாள் பேச்சு, அப்புறம் மறுபடி வானிலை அறிக்கை.

இந்த ஏப்ரல் கடைசியில் ஒரீக் பண்ணைக் காவலாளி என்னிடம் பேசினான். அங்கே முழங்கால் உயரத்துக்குப் பூத்து நிற்கிறதாம், இனி ஒரு பிடி விதைகூட வேண்டாமாம். அடுத்த வாரம் அதேரிட்டு போன் செய்தார்: "இந்த வருஷமும் ஒரு டிரெய்லர் புல்லு வேணுமே."

அண்ணியிடம் இரண்டையும் சொன்னேன்.

"வேணும்னுதானே சொன்னாரு?"

"ஆமா."

"அப்ப அறுப்போம். நாளைக்கு நீ இங்கயே இருந்து ஆடுங்களுக்குத் தண்ணி காட்டு. நான் போய்க்கிறேன்."

"எப்ப வருவ அண்ணி?"

அவள் டிரெய்லரின் சக்கரத்தைக் காலால் அழுத்திக் காற்றுப் பார்த்தாள்.