தொட்டியின் நிழல்

1
இந்தக் கதை கோர்ட்டு வராந்தாவில் பிறந்தது. "பெரியவரே, உள்ள கத்தாதீங்க" என்று என்னை வெளியே தள்ளினார்கள். வாயை அடைத்தால் கை சும்மா இருக்குமா? எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வரி: "கதிரவன் தன் பொற்கதிர்களை..."

(அடித்துவிட்டேன். இந்தக் கதையில் அவன் சாட்சி. சாட்சிக்கு எதற்குப் பவுடர்?)

2
ஒரு சாயங்காலம், என் மகன் வேலை பார்த்த கிடங்கு எரிந்தது. அவன்தான் தீ வைத்தான் என்றார்கள். அந்த நேரத்தில் அவன் என் வீட்டு மொட்டைமாடியில் இருந்தான். கிடங்குக்கும் வீட்டுக்கும் பஸ்ஸில் அரை நாள். முந்தின வாரம் வாங்கி வைத்த புதுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து போட்டோ எடுத்தவனே நான்தான்.

"பெத்த அப்பன் வேற எப்படிச் சொல்லுவான்?" என்றார் அரசு வக்கீல்.

போட்டோவில் தேதியா? என் போன் என்றைக்குச் சரியான தேதி காட்டியது!

தீப்பிடித்த மறுநாள் காலையில் பிடித்துக்கொண்டு போனவர்கள் இன்றுவரை அவனை விடவில்லை.

3
இங்கே வானியல் படித்த ஒரு பெண் வருகிறாள். (இவளை நான் நம்பவில்லை. முதல் பிரதியில் வில்லி ஆக்கியிருந்தேன்.) மாடியேறித் தொட்டியை அளந்தாள். போட்டோவில், சுவர்மேல் விழுந்த தொட்டி நிழலையும் அளந்தாள்.

"நிழல் பொய் சொல்லாதுங்க ஐயா."

"நானுந்தான் சொல்லல. என்னை யாரும்மா அளந்தா?"

சிரித்துவிட்டாள். வில்லி அங்கேயே செத்தாள்.

கணக்குப் போட்டு எழுதிக்கொடுத்தாள்: நிழல் வருஷத்தில் இரண்டு நாள்தான் இப்படி விழும், சூரியன் வடக்கே போகும்போது ஒருதரம், திரும்பும்போது ஒருதரம். ஒன்று தீப்பிடித்த நாள் சாயங்காலம். மற்றது அதற்கு இரண்டு மாதம் கழித்து.

4
"ரெண்டுல எதுன்னு உறுதியாச் சொல்ல முடியுமா?" என்று கூண்டில் நின்றவளை அரசு வக்கீல் கேட்டார்.

"நிழலை மட்டும் வச்சு முடியாதுங்க."

"அவ்வளவுதான். உட்காருங்க."

அரசு வக்கீலுக்கு வாயெல்லாம் பல். எங்கள் வக்கீலோ காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர் மாதிரி. வானத்தையே கூண்டில் ஏற்றியாயிற்று, பக்கத்தில் இருப்பது ஒருத்தர் கண்ணுக்கும் தெரியவில்லை. நான் எழுந்து கத்தினேன். அதற்குத்தான் வராந்தா.

5
முடிவு.

"மகன் மாலையும் கழுத்துமாக..." (பொய்.)

"நீதி தாமதமானாலும்..." (தூ!)

தீர்ப்பு அடுத்த வாரம். ஆகவே முடிவு என் கையில் இல்லை. நான் கத்தியதை மட்டும் உங்களிடம் கொடுக்கிறேன். என்னைத்தான் உள்ளே விடமாட்டார்கள். நீங்கள் போய்க் கேளுங்கள், பதில் வரும்வரை உட்காராதீர்கள்:

"ஐயா, அந்த இன்னொரு நாள் அவன் யாரு பூட்டுக்குள்ள இருந்தான்?"